இழை: சிறார் பேஸ்பாலைத் தோற்றுவித்தவர் யார்? ஸ்டாட்ஸா, அவருக்கு முந்தியவர்களா?

கலைச்சொல்லன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நூலகக் குழு பள்ளி மாணவர்களுக்காகத் தொகுத்துவரும் விளையாட்டுக் களஞ்சியத்தில் பேஸ்பால் பகுதி என் பொறுப்பில் வந்திருக்கிறது. பெரியவர்களின் ஆட்டத்தைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன். சிறார்களுக்கென்று அணி, அட்டவணை, விதிகள், நடுவர் என ஒழுங்குடன் நடக்கும் ஆட்டம் எப்படித் தோன்றியது என்ற உட்தலைப்பில் வந்து நிற்கிறேன். நான் புரட்டிய குறிப்புகளில் பெரும்பாலானவை, பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1939ஆம் ஆண்டு கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் லிட்டில் லீக் என்ற சிறார் பேஸ்பால் அமைப்பைத் தொடங்கினார் என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கன் லீஜியன் அமைப்பு இளைஞர் பேஸ்பாலை நாடு முழுவதற்கும் திட்டமிட்டிருக்கிறது. அப்படியிருக்க ஸ்டாட்ஸைத் தோற்றுவித்தவர் என்று எழுதலாமா? எனக்கு வேண்டியது ஒரே ஒரு தொடக்க வாக்கியம்தான். படிக்கிற பிள்ளை அதை அப்படியே மனப்பாடம் செய்யும் என்பதால் அது பிழையின்றி இருக்க வேண்டும்.

பழையதாள்

ஐயா, நீங்கள் ஐயப்பட்டது சரியே. உள்நாட்டுப் போருக்கு முன்பே, 1850களில், நியூயார்க், புரூக்ளின் பகுதிகளில் பெரியவர்களின் சங்கங்களை ஒட்டி இளையோர் சங்கங்களும் இருந்தன. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்காக லூதர் குலிக் 1903இல் பொதுப்பள்ளி விளையாட்டுக் கழகத்தை அமைத்தபோது பேஸ்பாலும் அதில் இடம்பெற்றது. இவையெல்லாம் ஒரு நகரத்துக்குள் அடங்கியவை.

நாடு தழுவிய முதல் முயற்சி என்றால் அது லீஜியனுடையதுதான். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் சங்கம் அது. 1925 ஜூலை 17 அன்று தெற்கு டகோட்டாவின் மில்பேங்க் என்ற சிற்றூரில் அச்சங்கத்தின் மாநில மாநாடு நடந்தது. மேஜர் ஜான் கிரிஃபித் என்பவர் அங்கே பேசினார். கல்லூரி விளையாட்டு நிர்வாகத்தில் பெயர் பெற்றிருந்த அவர், இளைஞர்களின் உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்க விளையாட்டைவிடச் சிறந்த கருவியில்லை என்று வலியுறுத்தவே, மாநாடு பேஸ்பால் திட்டத்துக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. மறு ஆண்டே ஃபிலடெல்ஃபியாவில் முதல் தேசிய இறுதிப் போட்டி நடந்தது. நியூயார்க் மாநிலத்து யாங்கர்ஸ் அணி வென்றது. 1927இல் பணமில்லாமல் தேசியப் போட்டி நின்றுபோயிற்று. 1928 முதல் தொழில்முறைச் சங்கங்கள் ஆண்டுக்கு 50,000 டாலர் தர முன்வந்ததும் மீண்டும் உயிர் பெற்றது. அச்சங்கங்கள் கருணையால் மட்டும் தரவில்லை. நாளைய ஆட்டக்காரர்களின் நாற்றங்கால் தங்களுக்குச் செலவின்றிக் கிடைக்கிறது என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஆகவே தோற்றுவித்தவர் என்ற சொல்லை ஸ்டாட்ஸுக்கு எழுதித் தருவதை நான் ஏற்கமாட்டேன்.

சஸ்குவெஹானா

பழையதாள் ஐயா தந்த ஆண்டுகளில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். லீஜியன் ஆட்டம் பதின்வயதினருக்கானது. அவர்கள் ஓடியது பெரியவர்களின் திடலில், பெரியவர்களின் அளவுகளில். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது தாங்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு?

கிரிக்கெட் பழகிய நமக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரியவர்களின் பேஸ்பாலில் ஓடுபவர் தொட வேண்டிய இடத்துக்குப் பேஸ் என்று பெயர். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி. பந்தெறியும் பிட்சர் நிற்குமிடத்துக்கும் மட்டையாளர் அருகே தரையில் பதித்த ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். மட்டையாளர் தரையோடு உருட்டிவிட்ட பந்தை மூன்றாம் பேஸ் அருகே நிற்பவர் குனிந்து எடுத்து, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். பந்து முந்தினால் ஆட்டக்காரர் வெளியே, கால் முந்தினால் உள்ளே. அந்த ஓர் அடி இரண்டு அடிப் போட்டியில்தான் ஆட்டத்தின் சுவையே இருக்கிறது. 90 அடித் திடலில் சின்னப் பிள்ளைகளை விட்டால் மூன்றாம் பேஸிலிருந்து எறியும் பந்து நாலு தத்து தத்திப் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். அடித்தவன் நிதானமாக நடந்தே போய்ச் சேரலாம். பேஸ்பாலின் எலும்புக்கூடு மட்டும் அங்கே இருக்கும்.

ஸ்டாட்ஸ் கண்டுபிடித்தது இந்த இடத்தைத்தான். அவருக்கு மகன்கள் இல்லை. உறவுப் பிள்ளைகள் இருவர், ஜிம்மி, ஹரால்டு கெஹ்ரான். 1938இல் ஒருநாள் அவர்களோடு பந்து பிடித்து விளையாடும்போது, வெட்டி விட்டிருந்த லைலாக் செடியின் கட்டைகளில் கால் இடறிக் கணுக்கால் உராய்ந்து படியில் உட்கார்ந்துவிட்டார். தம் சிறுவயதில் பெரிய பையன்கள் ஆடும் ஆட்டத்தில் சின்னவர்களுக்கு மட்டை கைக்கு வராமலே பொழுது சாய்ந்துபோன நினைவு அப்போது வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கோடையில் அக்கம்பக்கத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். பேஸுக்குப் பதிலாக மடித்த செய்தித்தாள். ஒரு பையன் பந்தைப் பொறுக்கி எறிவான், இன்னொருவன் ஓடுவான். பந்து பிந்தினால் தாளை அருகே நகர்த்துவார், வெகுவாக முந்தினால் தள்ளி வைப்பார். இழுபறியாக வந்து முடியும் இடம் கிடைத்ததும் அதைக் காலடியால் அளந்துகொண்டு, வீட்டுக்குப் போய்த் தம் காலடியைக் கஜக்கோலால் அளந்து பெருக்கிப் பார்த்தார். ஏறத்தாழ 60 அடி வந்தது. 60 என்றே நிலைநிறுத்தினார். இன்றுவரை உலகெங்கும் லிட்டில் லீக் திடலில் அந்த எண் மாறவில்லை. பெரியவர்களின் அளவில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு.

பிட்சருக்கான தூரம் மட்டும் முதலில் குறைவாக இருந்து, அனுபவத்தில் கூடிக் கூடி 46 அடியில் நின்றது.

இந்த அளவுகளின் அருமையை நான் என் பிழையால் அறிந்தேன். நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன்; என் மகன் ஆடும் ஊர்ச் சங்கத்தில் பெற்றோர்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். போன ஏப்ரலில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் பிட்சரின் ரப்பர் பலகையைப் பதிப்பதும் என் தலையில் விழுந்தன. ஹோம் பிளேட் ஐங்கோண வடிவம். பிட்சரைப் பார்த்த பக்கம் நேர்விளிம்பு, மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சரைப் பார்த்த பக்கம் கூர்முனை. இரண்டுக்கும் இடையே 17 அங்குலம். அளவெல்லாம் அந்தக் கூர்முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது தெரியாமல் நான் முன்விளிம்பில் நாடாவைப் பிடித்து 46 அடி அளந்துவிட்டேன். பிட்சர் பையன் பதினேழு அங்குலம் பின்னால் போய்விட்டான். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு இன்னிங்ஸ் முழுவதும் அவன் எறிந்த பந்தில் பாதிக்கு மேல் பிளேட்டுக்கு முன்பே மண்ணில் குத்தியது. பையன் கண்கலங்கிவிட்டான். எதிரணிப் பயிற்சியாளர்தான் சந்தேகப்பட்டு நாடாவை எடுத்து வந்தார். பலகையைப் பிடுங்கி முன்னே பதித்த பிறகு அதே பையன் அடுத்த இன்னிங்ஸில் இருவரை வெளியேற்றினான்.

பதினேழு அங்குலம் இவ்வளவு செய்யுமென்றால் முப்பது அடி என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். சிறார் பேஸ்பால் என்று தனியே ஓர் ஆட்டம் இருக்கிறதென்றால் அது அந்தச் செய்தித்தாள்களிலிருந்து பிறந்தது.

தெருவிளையாட்டு

சஸ்குவெஹானா அவர்கள் மிக அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த அழகே எனக்கு உறுத்துகிறது. அமைப்பு வருவதற்கு முன் பிள்ளைகள் பேஸ்பால் ஆடவேயில்லையா? காலி மனையில், தெருமுனையில், கிழிந்த பந்துக்கு நாடா சுற்றி ஆடினார்கள். ஆள் குறைந்தால் விதியை மாற்றிக்கொண்டார்கள். சின்னவனுக்குக் கூடுதல் வாய்ப்புக் கொடுத்தார்கள். சண்டை வந்தால் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். அவ்வளவையும் பெரியவர்கள் கையில் எடுத்துக்கொண்டு சீருடை மாட்டி, நிறுவனத்தின் பெயரை முதுகில் எழுதி, வேலிக்கு வெளியே நின்று கத்தத் தொடங்கியதைத்தான் நாம் தோற்றம் என்று கொண்டாடுகிறோம். கலைச்சொல்லன் அவர்கள் எழுதப்போகும் வாக்கியத்தில் இந்த இழப்புக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும்.

பழையதாள்

நண்பரே, அந்தத் தெருவாட்டத்தில் சின்னவனுக்குக் கூடுதல் வாய்ப்புக் கொடுத்தார்கள் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? ஸ்டாட்ஸின் நினைவு அதற்கு நேர்மாறாக இருக்கிறதே. சின்னவன் பந்து பொறுக்கிப் போடத்தான் பயன்பட்டான்.

நிறுவனத்தின் பெயர் முதுகில் ஏறியதற்கும் காரணம் உண்டு. அது பெருமந்தக் காலம். வில்லியம்ஸ்போர்ட் ஒருகாலத்தில் மரத்தொழிலின் தலைநகர் என்று பெயரெடுத்த ஊர். 1930களில் அந்தச் செல்வம் போய் வெகுநாளாகியிருந்தது. 1936இல் சஸ்குவெஹானா ஆற்றின் வெள்ளம் வேறு. ஸ்டாட்ஸ் ஒரு சாதாரண அலுவலக ஊழியர். சீருடைக்கும் பந்துக்கும் மட்டைக்கும் ஊரிலுள்ள நிறுவனங்களைப் படியேறிக் கேட்டார். ஐம்பத்தாறு இடங்களில் கைவிரித்த பிறகு லைகமிங் பால் பண்ணை 30 டாலர் கொடுத்தது என்பது அவ்வூரில் இன்றும் சொல்லும் கதை. பிறகு லண்டி மரக்கடையும் ஜம்போ பிரெட்செல் என்ற தின்பண்ட நிறுவனமும் சேர்ந்தன. மூன்று நிறுவனங்கள், மூன்று அணிகள். அணிகளை மேய்க்க ஸ்டாட்ஸோடு பெர்ட் பெபிள், ஜார்ஜ் பெபிள் என்ற சகோதரர்கள். அந்த மூவரின் வீட்டுப் பெண்கள் செய்த உழைப்பு எந்தக் கல்வெட்டிலும் உரிய அளவுக்குப் பொறிக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

1939 ஜூன் 6 அன்று, ஊரின் தொழில்முறைத் திடலான போமன் ஃபீல்டுக்கு அருகே முதல் ஆட்டம். லண்டி மரக்கடை 23, லைகமிங் பால் பண்ணை 8. இந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே அன்று பந்து எத்தனை பேர் கால்களுக்கிடையில் ஓடியிருக்கும் என்பது விளங்கும். ஆனால் பருவத்தின் முடிவில் கோப்பையை வென்றது பால் பண்ணைதான்.

மீனலோசனி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். பையன்கள் என்ற சொல்லை எல்லாரும் இயல்பாகப் புழங்குகிறீர்கள். அதிலேயே ஒரு வரலாறு புதைந்திருக்கிறது. கலைச்சொல்லன் ஐயா அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

லீஜியனைப் பற்றிப் பழையதாள் ஐயா விரிவாக எழுதினார். அதே லீஜியனில் 1928இல், இண்டியானா மாநிலத்துச் சுரங்கச் சிற்றூரான பிளான்ஃபோர்டின் அணியில் மார்கரெட் கிசோலோ என்ற சிறுமி ஆடினாள். அவள் அடித்த அடியால் தோற்ற அணி முறையிட்டது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள், பெண் ஆடக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, அவ்வளவே. விவகாரம் பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ் வரை போய், அவள் ஆடலாம் என்று முடிவானது. அந்த அணி மாநிலப் பட்டத்தையும் வென்றது. மறு ஆண்டு லீஜியன் தடையை எழுதிச் சேர்த்துவிட்டது.

லிட்டில் லீக் அதே பாடத்தை மறுபடியும் ஒப்பித்தது. 1950இல் நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் நகரில் கேத்ரின் ஜான்ஸ்டன் பின்னலை வெட்டிக்கொண்டு, டப்பி என்ற பெயரில் பையனாகப் பதிந்து அணியில் இடம்பெற்றாள். சில நாள் கழித்து உண்மையைச் சொன்னபோதும் பயிற்சியாளர் அவளை நீக்கவில்லை. நன்றாக ஆடினாள், அவருக்கு அது போதும். தலைமையகத்துக்குப் போதவில்லை. 1951இல் சிறுமியருக்கு இடமில்லை என்று விதி வந்தது. அதற்கு டப்பி விதி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த விதி உடைய இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1972இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே மூன்று ஆட்டங்கள் ஆடினாள். அவளை நீக்காவிட்டால் ஊர்ச் சங்கத்தின் உரிமமே போய்விடும் என்று தலைமையகம் மிரட்டியது. தேசியப் பெண்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. சிறுமியரின் எலும்பு வலிமை குறைவு என்று சாட்சியம் சொல்ல வந்தவர் லிட்டில் லீக்கின் உடலியங்கியல் அறிஞர் கிரைட்டன் ஹேல். இரு காதுகளையும் மறைக்கும் மட்டையாளர் தலைக்கவசத்தை உருவாக்கிப் பல்லாயிரம் பிள்ளைகளின் மண்டையைக் காத்தவரும் இதே மனிதர்தான்! 1973 நவம்பரில் விசாரணை அதிகாரி சில்வியா பிரஸ்லர் சிறுமியருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. 1974இல் கதவு திறந்தது. அதற்குள் மரியாவுக்குப் பன்னிரண்டு வயது கடந்துவிட்டது. அவள் திறந்த கதவுக்குள் அவளால் நுழைய முடியவில்லை.

தெருவிளையாட்டு

மீனலோசனி அம்மா சொன்னது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. தெருவில் ஒரு சிறுமி ஆட வந்தால் அங்குள்ள ஏழெட்டுப் பிள்ளைகள் முடிவு செய்வார்கள். அமைப்பு வந்த பிறகு நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருக்கும் அலுவலகம் முடிவு செய்கிறது.

மீனலோசனி

அந்த ஏழெட்டுப் பிள்ளைகளும் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், ஐயா. நானும் தெருவில் வளர்ந்தவள்தான். அமைப்பு எழுதி வைத்துத் தடுத்ததால்தான், எழுதியதை நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கிழிக்க முடிந்தது. தெருவின் மறுப்பை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது?

நெறியாளர்

விவாதம் நயமாகப் போகிறது, தொடருங்கள். அடிபந்தாட்டம் என்ற சொல்லைப் பயன்படுத்தலாமே என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வேறோர் இழை இருக்கிறது. இங்கே தோற்றத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பழையதாள்

அமைப்பின் முகம் எது என்று காட்டும் இன்னொரு நிகழ்வையும் விட்டுவிடக் கூடாது. தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் கேனன் தெரு ஒய்எம்சிஏ கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் நடத்தியது. லிட்டில் லீக்கின் விதியில் நிறவேற்றுமைக்கு இடமில்லை. முறையாக உரிமம் பெற்ற சங்கம் அது. 1955இல் அவர்களின் தேர்வணி மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது. அந்த மாநிலத்தில் இருந்த மற்றச் சங்கங்கள் 61, அத்தனையும் வெள்ளையருடையவை. ஒன்றுகூட அவர்களோடு ஆடச் சம்மதிக்காமல் 61உம் விலகிக்கொண்டன.

எதிர்ப்பார் இல்லாமல் மாநில வாகையர் ஆனவர்கள் ஜார்ஜியாவில் நடக்கும் வட்டாரப் போட்டிக்குப் போக வேண்டும். ஆடி வென்று வராதவர்கள் முன்னேற முடியாது என்று அங்கே தடுத்துவிட்டார்கள். ஆட மறுத்தவன் செய்த குற்றத்துக்கு ஆட வந்தவனுக்குத் தண்டனை! வில்லியம்ஸ்போர்ட் தலைமையகம் அந்தப் பிள்ளைகளை இறுதிப் போட்டிக்கு விருந்தினராக அழைத்தது. பேருந்தில் அவ்வளவு தூரம் வந்தார்கள். திடலில் இறங்கிப் பயிற்சி செய்ய விட்டார்கள். கூட்டம் அவர்களை ஆட விடுங்கள் என்று குரல் எழுப்பியது. பிறகு பிள்ளைகள் பார்வையாளர் இருக்கையில் போய் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். 2002இல்தான் அவர்களை அழைத்து மாநில வாகையர் பட்டத்தைக் கொடுத்துச் சிறப்பித்தார்கள். அதற்குள் அவர்கள் அறுபது வயதை நெருங்கியிருந்தார்கள்.

விலகிய வெள்ளையர் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. தனியாக ஒரு சிறுவர் பேஸ்பால் அமைப்பைத் தொடங்கின. பிற்காலத்தில் டிக்ஸி யூத் என்று தென்மாநிலங்கள் முழுவதும் அது பரவிற்று. தோற்றம் என்று பேசும்போது இதுவும் ஒரு தோற்றம்தான். பெரிய பிள்ளைகளுக்கான போனி, பேப் ரூத் சங்கங்கள் 1951இல் பிறந்ததற்குப் பன்னிரண்டு வயது முடிந்த பிள்ளை எங்கே போவான் என்ற கேள்வி காரணம். டிக்ஸிக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை.

சஸ்குவெஹானா

சார்ல்ஸ்டன் செய்தியை நான் முழுமையாக அறியேன்; அறியத் தந்ததற்கு நன்றி, ஐயா.

தெருவிளையாட்டு அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அமைப்பின் மீது வைக்கும் குற்றச்சாட்டை உங்களுக்கு முன்பே ஒருவர் வைத்துவிட்டார். அவர் பெயர் கார்ல் ஸ்டாட்ஸ்.

ஸ்டாட்ஸின் எண்ணத்தில் லிட்டில் லீக் என்பது அக்கம்பக்கத்து விஷயம். ஒவ்வொரு சங்கத்துக்கும் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகள் மட்டுமே ஆடலாம், வெளியூர் சூரனை இறக்கக் கூடாது. போருக்குப் பின் இது காட்டுத்தீயாய்ப் பரவியது. 1946இல் பன்னிரண்டு சங்கங்கள், எல்லாம் பென்சில்வேனியாவில். 1947இல் நியூ ஜெர்சியின் ஹாமன்டனில் வெளிமாநிலத்து முதல் சங்கம். அதே ஆண்டு வில்லியம்ஸ்போர்ட்டில் முதல் பெரும்போட்டி. உள்ளூர் மேனார்ட் அணி லாக் ஹேவன் அணியை 16-7 என்று வென்றது. 1948இல் 94 சங்கங்கள், 1949இல் 307.

இவ்வளவு பெரிதான பிறகு படியேறி 30 டாலர் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? 1948இல் கெட்ஸ் காலணிகளைத் தயாரித்த யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் நிறுவனம் புரவலராக வந்தது. அதன்பின் அமைப்பு சட்டப்படி பதிவானது, ஸ்டாட்ஸ் ஆணையர். 1952இல் அந்த நிறுவனத்தின் அதிகாரியாக இருந்த பீட்டர் மெக்கவர்ன் தலைவரானார். அன்றிலிருந்தே உரசல். பெரும்போட்டி, தொலைக்காட்சி, விளம்பரம் என்று போவதைப் பார்த்து, இது ஊர்ப் பிள்ளைகளின் கையைவிட்டுப் போகிறது என்று ஸ்டாட்ஸ் மனம் வெதும்பினார். 1955 இறுதியில் தாம் தொடங்கிய அமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, 1956இல் விலகினார். லிட்டில் லீக் என்ற பெயர் அவர்களோடு போயிற்று.

அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெருந்திடல் ஆற்றுக்கு அக்கரையில் தெற்கு வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் பெயர்ந்துவிட்டது. 1959 முதல் லமாட் அரங்கில்தான் உலகப் போட்டி. இக்கரையில், பழைய திடலில், ஒரிஜினல் லீக் என்ற பெயரில் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஸ்டாட்ஸ் ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1982இல் அக்கரையில் திறந்த அருங்காட்சியகத்துக்கு மெக்கவர்ன் பெயர் வைத்தார்கள். 1992இல் ஸ்டாட்ஸ் மறைந்தார். பழைய திடலுக்கு இன்று அவர் பெயர்.

இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் போயிருக்கிறேன். லமாட் அரங்கின் வேலிக்குப் பின்னால் பெரிய புல்மேடு இருக்கிறது. உலகப் போட்டி நடக்கும்போது, தைவான் அணியா ஜப்பான் அணியா என்று கவலைப்படாமல், அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தட்டையாக்கி அதன்மேல் உட்கார்ந்து பிள்ளைகள் நாள் முழுக்க மேட்டிலிருந்து சறுக்குகிறார்கள். நுழைவுக்கட்டணம் கிடையாது, யாரும் அதற்கு நடுவரும் வைக்கவில்லை. பாலம் தாண்டிப் பழைய திடலுக்கு வந்தால் கூட்டமே இல்லை. வேலியும் அமர்வுப் பலகைகளும் வெள்ளையடித்த சின்னக் கட்டடமும்தான். நான் ஹோம் பிளேட்டில் நின்று முதல் பேஸ் வரை காலடி வைத்து எண்ணிப் பார்த்தேன். என் காலுக்கு இருபத்து நான்கு.

தெருவிளையாட்டு

ஸ்டாட்ஸ் விலகிய கதை எனக்குத் தெரியாது. அவரைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அமைப்பைப் பற்றிச் சொன்னதை அல்ல. அந்தப் புல்மேட்டுச் சறுக்கலை மட்டும் என் தரப்புச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1957இல் மெக்சிகோவின் மாண்டெரேயிலிருந்து வந்த ஏழைப் பிள்ளைகள், எல்லைப் பாலத்தை நடந்தே கடந்து வந்து, வில்லியம்ஸ்போர்ட்டில் பட்டம் வென்றார்கள். இறுதியாட்டத்தில் ஆங்கெல் மாசியாஸ் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸ் தொட விடவில்லை. ஸ்டாட்ஸ் வெறுத்த அந்தப் பெரும்போட்டி இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளை உலகம் பார்த்திருக்காது. இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ!

கலைச்சொல்லன்

அனைவருக்கும் நன்றி. ஒரு வாக்கியம் கேட்டு வந்தவனுக்கு ஒரு அத்தியாயமே கிடைத்துவிட்டது. வரைவு இதோ:

1850கள் முதல் இளையோர் சங்கங்களும் 1925 முதல் அமெரிக்கன் லீஜியனின் பதின்வயதினர் போட்டிகளும் இருந்துவந்த நிலையில், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடலுக்கேற்பத் திடலின் அளவைச் சுருக்கி, அவர்களுக்கென்றே ஒரு தனி ஆட்டமுறையை 1939இல் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டாட்ஸ் உருவாக்கினார்.

தோற்றுவித்தார் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டேன், பழையதாள் ஐயா. சார்ல்ஸ்டனுக்கும் ஸ்டாட்ஸின் விலகலுக்கும் தனித்தனிப் பத்திகள் எழுதுகிறேன்.

பழையதாள்

எனக்குச் சம்மதம். முதல் ஆட்டத்தின் நாளையும் சேர்த்துவிடுங்கள்.

மீனலோசனி

எனக்குச் சம்மதமில்லை. குழந்தைகளின் என்று எழுதியிருக்கிறீர்கள். 1939இல் அந்த மூன்று அணிகளிலும் பையன்கள் மட்டுமே இருந்தார்கள். குழந்தைகள் என்று இன்று எழுதினால், படிக்கும் சிறுமி தனக்கும் அன்றே இடம் இருந்தது என்று நினைத்துக்கொள்வாள். 1974க்கு வரும்போது அவளுக்கு ஒன்றும் புரியாது. அந்த இடத்தில் பையன்களின் என்று எழுதுங்கள். 1974ஐச் சொல்லும் வாக்கியத்துக்குப் பிறகு குழந்தைகள் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கலைச்சொல்லன்

மாற்றிவிட்டேன், அம்மா. நாளையும் சேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.